மதுரையை விட யாழ்ப்பாணம் பக்கம்! ஆனால் நேரம்?

காட்டாங்குளத்தூர், செப்.–

யாழ்ப்பாணம் பக்கமா, மதுரை பக்கமா? மதுரை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆகாயக் கணக்கு வேறு. மீனம்பாக்கத்தில் இருந்து மதுரை சுமார் 415 கி.மீ.; யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355 கி.மீ.தான்!

2019 நவம்பரில் தொடங்கிய பலாலி சர்வீஸ், கொரோனாவில் நின்று 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. பறப்பது விசிறி வைத்த ஏ.டி.ஆர். சிறு விமானம். மணிக்கு 500 கி.மீ. வேகம், பயணம் சுமார் ஒன்றேகால் மணி நேரம். தூரம் குறைந்தும், ஜெட்டில் மதுரை போகிற நேரம் ஆகிவிடுகிறது.

அதோடு விட்டதா? வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட், சுங்கச் சோதனைக்கு 3 மணி நேரம் முன்பே போய் நிற்கணும். இங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு 25 கி.மீ.; பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசலில் ஒரு மணி நேரம் போச்சு. கூட்டினால் ஐந்தேகால் மணி. தாம்பரத்தில் வந்தே பாரத் ஏறியவர் அந்நேரம் மதுரையில் இறங்கிக்கொண்டிருப்பார்!