கார்டு புதிது, வேகம் பழையது

இல்லமும் அறிவியலும்

கட்டடக் கலையோ அசைபடக் கலையோ பயிலும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில், கணிப்பொறிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது இன்று ஒரு பெருஞ்செலவாகிவிட்டது. சீட்டுப் பணத்திலோ போனஸிலோ ஒதுக்கிய பல ஆயிரம் ரூபாயைக் கொடுத்து வாங்கிய கார்டு பொருத்தப்படுகிறது. ஆனால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. “விளையாடுவதற்குத்தானே கேட்டாய்?” என்று தந்தை சினக்கிறார். மகன் மறுமொழியின்றி நிற்கிறான். கடைக்காரரோ, இதனினும் பெரிய கார்டு வேண்டும் என்கிறார். இம்மூவரில் எவரும், புதிய கார்டு உண்மையில் வேலை செய்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை.

கிராபிக்ஸ் கார்டு கணிப்பொறியின் ஓர் உறுப்பே. திரையில் தோன்றும் உருவங்களைக் கணக்கிட்டு வரைவது அதன் பணி. எதை வரைய வேண்டும் என்று ஆயத்தம் செய்து தருவது பிராசஸர். கோப்புகளைச் சேமித்து வைத்திருப்பது டிஸ்க். வேலை நடக்கும்போது அவற்றைக் கையருகே வைத்திருப்பது ரேம். ஓர் உறுப்பின் நலிவு உடல் முழுவதையும் தாக்கும் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 12-ஆம் அதிகாரத்தில் விளக்குவதை நாம் அறிவோம். கணிப்பொறிக்கும் இது பொருந்தும். ஆதலால், மேலும் செலவு செய்யுமுன் தடை எந்த உறுப்பில் உள்ளது என்று காண வேண்டும். காசு செலவில்லாத சோதனைகளே முதலில் வரவேண்டும்.

முதற்கண், மானிட்டரின் கேபிள் எங்கே செருகப்பட்டுள்ளது என்று பாருங்கள். கேபினட்டின் பின்புறத்தில், மதர்போர்டுக்கு உரிய துளைகளும் கார்டுக்கு உரிய துளைகளும் தனித்தனியே இருக்கும். பழைய வழக்கப்படி மதர்போர்டில் செருகியிருந்தால், படம் பிராசஸரோடு இணைந்த சிறு கிராபிக்ஸ் வழியாகவே வரும். புதிய கார்டு பெரும்பாலும் சும்மா இருக்கும். அடுத்து, விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டரின் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் நிறுத்தப்பட்டிருந்தால், கார்டு எவ்வளவு விரைந்து வரைந்தாலும் கண்ணுக்கு அந்த வேகம் தெரியாது.

பின்னர், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறவுங்கள். கடினமான வேலை ஒன்று நடக்கும்போது கார்டின் உழைப்பு எத்தனை விழுக்காடு என்று நோக்குங்கள். அது 95-க்கு மேல் நின்றால் கார்டு தன் முழு ஆற்றலோடு உழைக்கிறது; அதற்குமேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. 40, 50 என்று தாழ்ந்திருந்தால், வேறோர் உறுப்பு அதைக் காக்க வைக்கிறது எனலாம். இதை உறுதி செய்ய எளிய வழி ஒன்றுண்டு. விளையாட்டிலோ மென்பொருளிலோ படத்தின் நுணுக்க அளவைக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் வேகம் கூடவில்லையெனில் தடை கார்டில் இல்லை. பெரும்பாலும் அது பிராசஸரிலேயே இருக்கும்.

சில வேளைகளில் மென்பொருளே கார்டைப் பயன்படுத்துவதில்லை. அசைபட மாணவர் பலர் கையாளும் பிளெண்டர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் சைக்கிள்ஸ் பகுதி, நாம் மாற்றாதவரை, பிராசஸரைக் கொண்டே படத்தை உருவாக்கும். அமைப்புப் பகுதியில் கார்டைத் தேர்ந்து, படமாக்கும் பகுதியிலும் அதையே குறிப்பிட்டால்தான் கார்டு வேலையில் இறங்கும். இதை அறியாமல் இரவெல்லாம் காத்திருந்து, கார்டைப் பழிப்பதில் பயனில்லை.

பழைய கார்டின் டிரைவர் மென்பொருள் நீங்காமல் இருப்பதும் குழப்பம் தரும். அதை முழுவதும் நீக்கிவிட்டு, கார்டைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதியதை நிறுவுவது நலம்.

கணிப்பொறி துவங்கவும் கோப்புகள் திறக்கவும் நேரமாகிறது என்பதே உங்கள் குறையானால், அதற்கும் கார்டுக்கும் தொடர்பில்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்று பொருத்துவதே அதற்கு மருந்து. ஒரே ஒரு ரேம் அட்டை மட்டும் இருப்பின், அதற்கு இணையான இன்னொன்றை, மதர்போர்டின் கையேடு காட்டும் இடத்தில் செருகினால் தரவு இரு வழியாகப் பாயும். வெப்பத்தையும் மறவாதீர்கள். பல பிராசஸர்கள் 90 முதல் 100 டிகிரி செல்சியஸை நெருங்கியதும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். புதிய கார்டு கேபினட்டுக்குள் வெப்பத்தைக் கூட்டுவதால், விசிறியில் படிந்த தூசியை அகற்றுவது இப்போது முன்னிலும் இன்றியமையாதது.

இனி, பொருத்தமின்மையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த ஏ.எம்.டி. ரேடியான் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. என்னும் கார்டு, மதர்போர்டோடு நான்கு தடங்களால் மட்டுமே பேசும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புதிய மதர்போர்டில் அவ்வழியே வினாடிக்குச் சுமார் 8 ஜிகாபைட் செல்லும், 3.0 உள்ள பழையதில் சுமார் 4 ஜிகாபைட்தான். கார்டின் 4 ஜிகாபைட் நினைவகம் நிரம்பியதும், குறுகிய அவ்வழியில் நெரிசல் ஏற்படுகிறது. அதே ஆண்டில் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கோ, பயாஸில் ‘ரீசைசபிள் பார்’ என்னும் வசதி இயங்க வேண்டும் என்று இன்டெல் நிறுவனமே அறிவுறுத்தியுள்ளது. அது இல்லையெனில் வேகம் பெரிதும் குன்றும். பழைய கணிப்பொறிக்கு மலிவான புதிய கார்டு வாங்குவோர், விலையை மட்டும் கேளாமல் இவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.

வேலை மிகும்போது கணிப்பொறி திடீரென்று அணைந்தால், எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின் வழங்கியை ஐயுறுங்கள். மதர்போர்டின் துளை கார்டுக்கு 75 வாட் வரை தரும். 6 முனை இணைப்பு மேலும் 75 வாட்டும், 8 முனை இணைப்பு 150 வாட்டும் தரும். கார்டு கேட்கும் இணைப்பு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் இல்லையெனில், மலிவான மாற்று இணைப்புகளால் ஒட்டுப் போடாதீர்கள். சூடேறித் தீப்பற்றும் இடர் உண்டு. கேபினட்டைத் திறக்குமுன் மின்செருகியைக் கழற்றிவிடுவது கட்டாயம்.

அன்பார்ந்த பெற்றோரே, ஒரு மாலைப் பொழுதைப் பிள்ளையோடு ஒதுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவை அவன் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் செய்யுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் எது குணமளித்தது என்று தெரியாது. பழுது கார்டிலேயே உள்ளது என்று தெளிந்தால், திருப்பித் தரும் கெடு முடியுமுன் அந்த நோட்டோடு கடைக்குச் செல்லுங்கள். சான்றோடு பேசுபவரைக் கடைக்காரர் எளிதில் தட்டிக்கழிக்க இயலாது. பிராசஸர்தான் தடை என்று தெரிந்தாலோ, அதை உடனே மாற்ற வேண்டுமா, படிப்பு முடியும்வரை இதுவே போதுமா என்று குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யலாம்.

கணிப்பொறியின் குறை ஒரு கேபிளை மாற்றிச் செருகுவதால் தீர்ந்துபோகலாம். ஆராயாமல் பிள்ளைமீது வீசிய சொல்லின் காயம் அத்தனை எளிதில் ஆறாது. ஆகவே, சினப்பதற்கு முன் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்.