ஷோகேஸில் காயும் நட்சத்திரம்!

அழகர்கோவிலில் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே வேனை ராமேஸ்வரத்துக்கு விடுவது மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பழக்கமான விடுமுறைப் பயணம். திரும்பி வரும்போது பையில் சங்கு, சோழி, பாசிமணி எல்லாம் இருக்கும். சிலர் காய்ந்த நட்சத்திர மீன் ஒன்றையும் வாங்கி வந்து ஷோகேஸில் வைப்பார்கள்.

பெயரில்தான் மீன். அதற்குச் செவுள் கிடையாது, முதுகெலும்பு கிடையாது, மூளைகூடக் கிடையாது. கைகளின் அடியில் இருக்கும் குட்டிக் குட்டிக் குழாய்க் கால்களால் ஊர்ந்து போகும். சும்மா கிடப்பதுபோலத் தெரிந்தாலும், கடலில் அதற்குப் பெரிய வேலை இருக்கிறது.

அந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்துவிட்டது. 2013-ல் அதன் பசிபிக் கரையோரம் நட்சத்திர மீன்களுக்கு ஒரு நோய் வந்தது. உடம்பில் வெள்ளைப் புண், முறுக்கிக்கொள்ளும் கைகள், பிறகு கைகள் கழன்று விழும். சில நாள்களில் உடம்பே கூழாகிவிடும். 20-க்கும் மேற்பட்ட கைகள் கொண்ட 'சூரியகாந்தி நட்சத்திர மீன்' இனத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தது. அது தின்று கட்டுப்படுத்தி வந்த கடல் முள்ளெலிகள் பெருகி, வடக்கு கலிஃபோர்னியாவின் கடற்பாசிக் காடுகளை மேய்ந்தே தீர்த்தன.

காரணம் 2025-ல்தான் தெரிந்தது. காலரா கிருமியின் உறவான 'விப்ரியோ பெக்டெனிசிடா' என்ற பாக்டீரியாதான் வில்லன்.

இத்தனை இழப்பு என்று எப்படிச் சொல்ல முடிந்தது? நோய் வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே, அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை ஆய்வாளர்கள் குறிப்பிட்ட பாறைகளுக்குத் திரும்பத் திரும்பப் போய் நட்சத்திர மீன்களை எண்ணி, அளந்து எழுதி வைத்திருந்தார்கள். இப்போதும் எண்ணுகிறார்கள். குட்டி நட்சத்திரங்கள் கண்ணில் பட்டால், இனம் மீள ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

நம் ராமேஸ்வரத்துக் கடலிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சேர்த்து, 1986-ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி ஆய்வாளர்கள் அங்கே மூழ்கி, கடலடியில் டேப் விரித்துப் பவளப்பாறைகளை அளக்கிறார்கள். 2016-ல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது, உயிருள்ள பவளப் பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதமாகக் குறைந்தது தெரியவந்தது அப்படித்தான்.

சிவப்புக் குமிழ்கள் கொண்ட அழகான நட்சத்திர மீனும் இந்த வளைகுடாவில்தான் வாழ்கிறது. கடலில் இருந்தால் அது கணக்கில் வரும். ஷோகேஸுக்கு வந்துவிட்டால் கணக்கிலும் இல்லை, குட்டியும் இல்லை.

அடுத்த முறை ராமேஸ்வரம் போகும்போது, கரையோரத் தண்ணீரில் உயிருள்ள நட்சத்திர மீனைப் பார்த்தால் வெளியே தூக்காதீர்கள். தண்ணீரை விட்டு எடுத்தால் அதால் சுவாசிக்க முடியாது. இருந்த இடத்திலேயே ஒரு போட்டோ போதும். கடையில் காய்ந்ததை நீட்டினால், "வேணாம்ணே" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். வாங்க ஆள் இல்லாவிட்டால், பிடிக்கவும் ஆள் குறையும்!