சின்ன வீடு, நிறைய வெளிச்சம்: நெரிசலான நகரத்தில் சாத்தியமா?

பகல் 12 மணிக்கும் டியூப் லைட் போட்டாக வேண்டும். ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டு சுவர்தான். பெருநகர அடுக்குமாடிகளில் இது சாதாரணமாகிவிட்டது. வீடு சின்னது என்பதுதான் காரணமா? இல்லை என்கிறது மும்பை அனுபவம்.

மும்பையில் என்ன நடந்தது?

குடிசைப் பகுதி மக்களுக்காக கோவண்டியில் நட்வர் பரேக், மான்குர்தில் லல்லுபாய் என்ற குடியிருப்புகள் கட்டப்பட்டன. வீடு ஒவ்வொன்றும் சுமார் 225 சதுர அடி. விதிகள் தளர்த்தப்பட்டதால் பல கட்டடங்களுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளிதான். 'டாக்டர்ஸ் ஃபார் யூ' அமைப்பும் ஐஐடி பாம்பேவும் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. இந்த இரு குடியிருப்புகளிலும் காசநோய் அதிகம். இடைவெளி தாராளமாக இருந்த பி.எம்.ஜி. காலனியில் அது மிகக் குறைவு. வெயிலும் காற்றோட்டமும் இல்லாத அறையில் காசநோய்க் கிருமி எளிதாகப் பரவும்.

இடைவெளி ஏன் அவ்வளவு முக்கியம்?

60 அடி உயர கட்டடங்கள் 10 அடி தூரத்தில் எதிரெதிரே நின்றால், தரைத்தள ஜன்னலில் வெயில் உச்சி வேளையில் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்தாலே பெரிசு. அங்கே ஜன்னலைப் பெரிதாக்கியும் பலன் குறைவு. வெளிச்சம் முடிவாவது மனையில் கட்டடங்களை எங்கே நிறுத்துவது என்று கோடு போடும் அன்றைக்கே. குடிவந்த பிறகு இதை யாராலும் சரிசெய்ய முடியாது.

விதி என்ன சொல்கிறது?

சென்னை போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஊர்களில், அறையின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேண்டும் என்கிறது தேசிய கட்டட விதித் தொகுப்பு. அதாவது 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. திறப்பிலிருந்து 7.5 மீட்டருக்கு அப்பால் உள்ள பகுதிக்கு வெளிச்சம் கிடைப்பதாகவே கணக்கில் எடுக்கக் கூடாது.

வடிவமைப்பில் என்ன செய்யலாம்?

* நடுவில் இருட்டு காரிடார், இரண்டு பக்கமும் வீடுகள் என்பதைத் தவிர்க்கலாம். ஒரு மாடிப்படிக்கு இரண்டு அல்லது நான்கு வீடு என்றால், இரு பக்க ஜன்னல் கிடைக்கும். காத்தும் குறுக்கே ஓடும்.
* ஹாலும் படுக்கையறையும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். டக்ட் பக்கம் குளியலறையோடு நிற்கட்டும்.
* வடக்கு, தெற்கு ஜன்னல்கள் நல்லது. மேற்கு வெயிலுக்கு சன்ஷேட் அவசியம்.
* கதவுக்கு மேல் வெண்டிலேட்டர், வெள்ளை சீலிங் இருந்தால் வெளிச்சம் உள்ளே வரை போகும்.

சிக்கல் எங்கே?

இடைவெளி விட்டால் அதே மனையில் வீடுகள் குறையும். எண்ணிக்கையைக் காப்பாற்ற மாடிகளைக் கூட்டினால் லிஃப்ட், மோட்டார், பராமரிப்பு என்று மாதச் செலவு ஏறும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் திட்டத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

சென்னைக்கு ஏன் இது அவசரம்?

குடிசை மாற்று வாரியமாக 1970-ல் தொடங்கி, 2021-ல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் கூடுதல் மாடிகளுடன் கட்டி வருகிறது. வீட்டின் சதுர அடி முன்பைவிட கூடினாலும், எதிரே இருக்கும் சுவர் நெருங்கி வந்தால் மக்களுக்கு என்ன லாபம்?

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனைதான். பகலில் போங்க, லைட்டை அணைக்கச் சொல்லுங்க, கீழ்த்தள ஜன்னலில் நின்று வானம் தெரியுதான்னு பாருங்க.