கோப்பை இருந்துச்சு, கிரவுண்டு இல்ல

ஐ-லீக் பட்டம் ஜெயிச்ச தமிழ்நாட்டு கிளப் எதுன்னு கிளாஸ்ல கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் சென்னையின் எஃப்.சி.ன்னு சொல்வாங்க. அது ஐ.எஸ்.எல். டீம். 2015-லயும் 2017-18-லயும் கோப்பை வாங்குனது அவங்கதான். ஐ-லீக் ஜெயிச்சது சென்னை சிட்டி எஃப்.சி. பேர் மறந்திருந்தா அது உங்க தப்பு இல்ல. மறக்கிற மாதிரிதான் அந்த கிளப்போட கதை முடிஞ்சுது.

1946-ல நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப்னு தொடங்கிய அணி அது. பிறகு பேர் மாறி, 2016-17 சீசன்ல ஐ-லீக்குக்குள்ள வந்தது. பேர்ல சென்னை இருந்தாலும் பட்டம் ஜெயிச்ச சீசன்ல சொந்த மேட்ச் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்துலதான். மூணாவது சீசனுக்கு, அதாவது 2018-19-க்கு, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். முன்களத்துல பெத்ரோ மான்சி, 21 கோல். எட்வின் சிட்னி, ரொமாரியோ ஜேசுராஜ் மாதிரி நம்ம பசங்களும் அந்த அணியில இருந்தாங்க.

2019 மார்ச் 9, கடைசி மேட்ச். எதிரணி மினர்வா பஞ்சாப். ஜெயிச்சா கோப்பை, சறுக்கினா ஈஸ்ட் பெங்கால் தட்டிட்டுப் போயிடும். ஆரம்பத்துலயே ஒரு கோல் வாங்கிட்டாங்க. இரண்டாவது பாதியில மான்சி பெனால்டி போட்டார். அப்புறம் கௌரவ் போரா ரெண்டு கோல். அவர் டிஃபண்டர்! 3-1. சென்னை சிட்டி 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு புள்ளியில பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதே வருஷம் சுவிட்சர்லாந்தோட பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கும் வாங்கிச்சு.

இவ்வளவு நடந்தும் 2021-22 ஐ-லீக்ல சென்னை சிட்டி இல்ல. சாம்பியன் ஆன மூணாவது வருஷமே ஆள் காணோம்.

இதுக்கு லீக் அமைப்பைக் குறை சொல்றவங்க உண்டு. அதுல நியாயமும் இருக்கு. அன்னைக்கு ஐ-லீக் ஜெயிச்சாலும் ஐ.எஸ்.எல்.லுக்கு ஏற முடியாது. அந்தக் கதவு 2022-23-லதான் திறந்தது, பஞ்சாப் டீம் உள்ள போச்சு. கொரோனாவும் சேர்ந்து அடிச்சது. ஆனா எனக்கு வேற ஒரு விஷயம்தான் உறுத்துது. 2020 மார்ச்ல ஏ.எஃப்.சி. கோப்பையில மாலத்தீவோட மசியா அணிகூட சென்னை சிட்டிக்கு ஒரு ஹோம் மேட்ச் இருந்துச்சு. எங்க ஆடினாங்க தெரியுமா? அகமதாபாத்துல. பேர் ஒரு ஊர்ல, லீக் ஆட்டம் இன்னொரு ஊர்ல, ஆசியக் கோப்பை வேற மாநிலத்துல. "இது எங்க டீம்"னு கடைசிவரை கூட நிக்க ஒரு ஊர் வேணாமா?

இப்ப கொஞ்சம் தூரம் போவோம், பின்லாந்துக்கு. அந்த நாட்டு ஜனத்தொகையே ஏறக்குறைய 55 லட்சம்தான். 2011 கணக்குப்படி நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல மட்டும் 21.6 லட்சம் பேர். ரெண்டரை திண்டுக்கல் சேர்ந்தா ஒரு பின்லாந்து! அங்க வால்கியாகோஸ்கின்னு ஒரு ஊர், சுமார் 20,000 பேர் இருக்காங்க. காகித ஆலையை நம்பி வளர்ந்த ஊர். அங்க 1934-ல ஹாகான்னு ஒரு ஃபுட்பால் கிளப் தொடங்கினாங்க. ஆலைதான் துணைக்கு நின்னுச்சு. அவங்க மைதானத்தோட பேருக்கு அர்த்தமே "ஆலை மைதானம்".

அந்தச் சின்ன ஊர் கிளப் ஒன்பது தடவை நாட்டோட சாம்பியன். 1983-84-ல ஐரோப்பாவோட கப் வின்னர்ஸ் கோப்பையில காலிறுதி வரைக்கும் போய் யுவென்டஸ்கூட மோதினாங்க. ரெண்டு ஆட்டத்துலயும் 1-0, 1-0ன்னுதான் தோத்தாங்க. அந்த யுவென்டஸ்தான் அந்த வருஷக் கோப்பையையே வாங்குச்சு. ஹாகாவுக்கும் சரிவு வந்தது. 2012-ல மேல் டிவிஷன்ல இருந்து கீழ இறங்கிட்டாங்க. ஆனா காணாம போகல. 2019-ல கீழ் டிவிஷனை ஜெயிச்சு மேல வந்தாங்க. அங்க விழுந்தா எழுந்திருக்கத் தரை இருந்துச்சு. சென்னை சிட்டிக்கு அது இல்ல.

"ஆலை காசு கொடுத்துச்சு, ஆடினாங்க, இங்க யார் கொடுப்பா?"ன்னு கேப்பீங்க. எரியோடுல இருந்து வேடசந்தூர் வரைக்கும் ஒரு தடவை பஸ்ல போயிட்டு வந்து சொல்லுங்க, எத்தனை நூல் மில் கண்ணுல படுதுன்னு. ஆலை ஊர்னா நம்மளும் ஆலை ஊர்தான். சரி, மில் வேணாம். காலேஜ் இருக்கே? நத்தத்துல ஒரு காலேஜ் கிரவுண்டுலதான டி.என்.பி.எல். மேட்ச் நடக்குது? திண்டுக்கல் டிராகன்ஸ் 2024-ல கோப்பையும் வாங்கிட்டாங்க. கிரிக்கெட்டுக்கு முடிஞ்சது ஃபுட்பாலுக்கு ஏன் முடியாது? இன்னும் பக்கத்து உதாரணம் மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. ஒரு இன்ஜினியரிங் காலேஜ் நிர்வாகம் பின்னால நின்ன பெண்கள் அணி. 2018-19 இந்தியப் பெண்கள் லீக் ஃபைனல்ல மணிப்பூர் போலீஸை 3-1ன்னு ஜெயிச்சாங்க. கடலூர்ப் பொண்ணு இந்துமதி கதிரேசன் அந்த அணியிலதான் ஆடினாங்க. சென்னை சிட்டி பட்டம் வாங்குன அதே 2019-ல, ரெண்டு மாசம் கழிச்சு நடந்தது இது. சென்னை சிட்டி ஐ-லீக்ல இருந்து காணாம போன பிறகும் சேது லீக்ல ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு.

பூட்டுக்குப் பேர்போன மாவட்டம் நம்மளது. அதுக்காக சாயந்திரம் அஞ்சு மணிக்கெல்லாம் காலேஜ் கிரவுண்டு கேட்டுக்கும் ஒரு பூட்டு போடணுமா? சுத்துப்பட்டு ஊர்ப் பசங்க அறுவடை முடிஞ்ச காட்டுல கல் பொறுக்கிட்டு ஆடுறாங்க. புள்ளைங்களுக்கு அந்த இடமும் கிடையாது. "பொருள் போயிடும், கண்ணாடி உடையும்"னு நிர்வாகம் பயப்படலாம். நியாயமான பயம்தான். வாரத்துல ரெண்டு நாள், பி.இ.டி. சார் மேற்பார்வையில, பேர் எழுதின ரிஜிஸ்டரோட திறந்தா அந்தப் பயம் தீர்ந்துடும்.

மிச்சம் நம்ம வேலை. ஏழு பேர் சேர்ந்தா தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ ஒரு சங்கமாப் பதிவு பண்ணலாம். மாவட்டக் கால்பந்துக் கழகத்தைப் போய்ப் பார்த்து லீக்ல சேர்றதுக்கு வழி கேட்கலாம். நாலு வருஷத்துல நாம பாஸாகிப் போயிடுவோம். அதனால கமிட்டியில பாதி இடம் ஊர்க்காரங்களுக்கு இருக்கணும். இல்லேன்னா நம்ம பேட்ச் போனதும் கிளப்பும் போயிடும், சென்னை சிட்டி மாதிரி.

ஹாகா மாதிரி ஒன்பது பட்டமெல்லாம் இப்ப வேணாம். எரியோடுன்னு சட்டையில எழுதின ஒரு டீம், வருஷா வருஷம் மாவட்ட லீக்ல தோத்துக்கிட்டாவது இருக்கட்டும். முதல்ல கேட்டைத் திறக்கச் சொல்லி ஒரு மனு எழுதுவோம். கையெழுத்துப் போட யாரெல்லாம் ரெடி?