குறையைச் சொல்வோம், குரலை உயர்த்த வேண்டாம்

ஆடிப்பட்டம் தொடங்கிவிட்டால் திண்டுக்கல் நகரத்து விதைக் கடைகளில் காலை முதலே கூட்டம் நிற்கும். ஒட்டன்சத்திரம், ரெட்டியார்சத்திரம் பகுதியினர் தக்காளி, மிளகாய் விதைக்கும், வேடசந்தூர்ப் பக்கத்தார் மக்காச்சோள விதைக்கும் வருவார்கள். இரண்டு வாரம் கழித்து அதே கடைகளில் வேறொரு கூட்டத்தைக் காணலாம். காலி உறையைக் கையில் பிடித்துக்கொண்டு, "விதை முளைக்கவில்லை" என்று நிற்பவர்கள் அவர்கள். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றியே இந்த வாரம் எழுத விரும்புகிறேன்.

விதை பொய்த்த விவசாயிகளை நான் இரு வகையாகக் கண்டிருக்கிறேன். ஒரு சாரார் கடை வாசலில் நின்று கூச்சலிடுகிறார்கள். மறு சாரார் வாயே திறப்பதில்லை. அதே கடையில் உரத்துக்கும் மருந்துக்கும் கடன் பாக்கி இருக்கும். "பேசினால் அடுத்த முறை கடன் கிடைக்காது" என்று நட்டத்தை விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். இரண்டு வழியிலும் நட்டம் விவசாயிக்கே. கூச்சல் அன்று மாலையே மறந்துபோகும். மௌனமோ தவறு செய்தவருக்குத் துணிவைக் கொடுக்கும்.

என் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் இளம் அலுவலராக இருந்தபோது ஒரு விவசாயி என் அறைக்குள் வந்து, "சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா?" என்று சத்தமிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்ன குறையை நான் காதில் வாங்கவில்லை. பிறகு வயலைப் பார்த்தபோது அவர் சொன்னது முழுக்க உண்மை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் நாற்றங்காலை அழித்து உழுதுவிட்டார். சான்று என்று காட்ட எதுவும் மிஞ்சவில்லை. தவறு என்னுடையதே. கோபத்தைப் பொறுத்துக் கேட்டிருக்க வேண்டும். ஆயினும் பெரிய நட்டம் அவருக்குத்தான்.

ஒரு பருவத்தையே இழந்தவனிடம் பொறுமையாகப் பேசு என்று சொல்வது நியாயமா என்று விவசாயிகள் கேட்கலாம். கேள்வி சரியானதே. கோபப்படக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோபத்தால் குறை தீராது என்றுதான் சொல்கிறேன். கவுண்டரில் நிற்கும் பையன் அந்த விதையை உற்பத்தி செய்தவன் அல்ல. அவனைத் திட்டினால் "இந்த விதை எங்கள் கடையில் வாங்கியதே இல்லை" என்ற பதில்தான் வரும். அலுவலகத்தில் கைகலப்பு வரை போய்விட்டால், குறை சொல்ல வந்தவர்மீதே வழக்குப் பாயும். பணிவு வேறு, பயம் வேறு. பணிவாகப் பேசி உறுதியாக நிற்பவரை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

மரியாதையாகப் பேசுவதற்குத் துணிவைத் தருவது கையிலுள்ள சான்றுதான். முதலாவது, பில். 1983ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்பவர் பில் தர வேண்டும். கடனுக்கு வாங்கினாலும் பில் உண்டு. விதையின் குவியல் எண் அதில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது, விதை உறையும் அதிலுள்ள அட்டையும். மூன்றாவது, ஒரு பிடி விதை. முழுவதையும் விதைத்துவிடாமல் கொஞ்சம் எடுத்துவைப்பது நல்லது.

தக்காளி விதைக்குக் குறைந்தது 70 சதம், மிளகாய் விதைக்கு 60 சதம் முளைப்புத்திறன் இருக்க வேண்டும் என்பது தர அளவு. பரிசோதனை நிலையங்களில் இவ்விரண்டுக்கும் 14ஆம் நாள் கடைசிக் கணக்கு எடுப்பார்கள். எனவே ஐந்தாம் நாளே சண்டைக்குப் போவது பொருந்தாது. ஆழமாக விதைத்தாலும், தண்ணீர் தேங்கினாலும் நல்ல விதையும் பொய்க்கும். நாம் செய்ததை ஒளிக்காமல் சொன்னால் நம் குறைக்கு நம்பகம் கூடும்.

எழுத்தில் கொடுங்கள்

வாய்ச்சொல்லைவிட எழுத்துக்கு வலு அதிகம். பயிர் பொய்த்ததற்கு விதையே காரணம் என்று விவசாயி எழுத்து மூலம் புகார் கொடுத்தால், விதை ஆய்வாளர் அட்டை, உறை, மீதி விதை ஆகியவற்றைப் பெற்று, பரிசோதனைக்கு அனுப்பி, காரணத்தை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்கிறது 1968ஆம் ஆண்டு விதை விதிகளின் 23-ஏ பிரிவு. மனு நீளமாக இருக்கத் தேவையில்லை. "இன்ன தேதியில், இன்ன கடையில், இன்ன குவியல் எண்ணுள்ள விதை வாங்கினேன். இன்ன நாளில் விதைத்தேன். நூற்றுக்கு இத்தனை முளைத்தது. தாங்கள் வயலைப் பார்வையிட்டு ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்" என்ற நான்கு வரி போதும். வசைச் சொல் ஒன்றும் வேண்டாம். நகல் ஒன்றில் தேதியும் கையொப்பமும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதிகாரி பார்வையிடும் வரை வயலை உழுதுவிடக் கூடாது.

அங்கே பதில் இல்லையென்றால், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவை அதே நிதானத்தோடு கொடுக்கலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்ய வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணமும் இல்லை.

விவசாயி நுகர்வோரா என்ற ஐயம் வேண்டாம். தேசிய விதைக் கழகத்துக்கும் ஆந்திர விவசாயிகளுக்கும் இடையிலான வழக்கில் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான தீர்ப்பை அளித்தது. விவசாயிகள் வியாபாரத்துக்காக விதை வாங்குகிறார்கள், ஆகவே அவர்கள் நுகர்வோர் அல்லர் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பரிசோதனைக்கு விதையை எடுத்துவைக்காதது விவசாயியின் குற்றம் என்ற வாதமும் நிற்கவில்லை. வாங்கிய விதையை எல்லாம் விதைத்துவிடுவதுதான் விவசாயியின் இயல்பு என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள். அந்த விவசாயிகள் கடை வாசலில் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் நமக்கு இந்தத் தீர்ப்பு கிடைத்திருக்காது.

கடைக்காரர்களுக்கும் அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. வந்தவரை உட்காரச் சொல்லி, "என்ன ஆச்சுங்கய்யா?" என்று கேட்டால் பாதிக் கோபம் அங்கேயே தணிந்துவிடும். மரியாதையை விவசாயியிடம் மட்டும் எதிர்பார்ப்பது முறையல்ல.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்கப் போகும்போது பில்லும் உறையும் மறவாமல் கையில் இருக்கட்டும். இந்த ஆடிப்பட்டத்தில் விதை வாங்கும் ஒவ்வொரு விவசாயியும் பில் இல்லாமல் கடைப்படி இறங்குவதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டால், அதுவே நல்ல தொடக்கமாகும்.