ஒப்புதலும் உண்மையும்

“குற்றம் செய்தேன்” என்று ஒருவன் நியாயஸ்தலத்தில் கூறிவிட்டால், பின்னர் விசாரணை எதற்கு என்பர் உலகோர். அக்கூற்று அச்சத்தினால் பிறந்ததாயின் என் செய்வது?

இங்கிலாந்தில் கிளைத் தபால் நிலையங்களை நடத்திவந்தோர் பலர்மீது, 1999 முதல் வழங்கிவந்த ஹொரைஸன் என்னும் கணிப்பொறிக் கணக்குமுறை, பணம் குறைவதாகப் பழி சுமத்திற்று. பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்பினால் திருட்டு வழக்கு நீங்கும், சிறையும் தப்பலாம் என்று வக்கீல்கள் புத்தி கூற, நிரபராதிகள் பலரும் ஒப்பினர். கணிப்பொறியின் கோளாறுகளையோ, வழக்குத் தொடுத்த தபால் நிறுவனம் வெளியிடவில்லை. ஆதலின் ஒப்புதல் தடையாகாதெனக் கொண்டு, 2021 ஏப்ரல் 23இல் மேல்முறையீட்டு மன்றம் 39 பேர்மீதிருந்த தீர்ப்புகளை ரத்துச் செய்தது. அவருள் மூவர் அதற்கு முன்னரே மாண்டுபோயினர்.

நம் நாட்டின் நிலை யாது? 2024 ஜூலை முதல் வழங்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416ஆம் பிரிவின்படி, கீழ் மன்றங்களில் ஒப்பித் தண்டனை பெற்றோர் அத்தண்டனையின் அளவையும் சட்டப் பொருத்தத்தையும் பற்றியே அப்பீல் செய்யலாம். குற்றவாளியென்ற முடிவை எதிர்த்து இயலாது. சீராய்வு முதலிய குறுகிய வழிகளே எஞ்சும்.

இக்கதவு முற்றிலும் திறந்தால் வழக்குகள் முடிவின்றி நீளும் என்பர் சிலர். அது மெய்யே. எனினும், சான்று மறைக்கப்பட்டதெனக் காட்டுவோர்க்கேனும் அனுமதியின்பேரில் அப்பீல் அளித்தல் தகும்.

நாளை வக்கீல்களாகவிருக்கும் மாணவ நண்பர்காள்! “ஒப்பிவிடு” என்று கூறுமுன், “நீ செய்தாயா?” என்று கேளுங்கள்.