துருவுக்குச் சட்டை மாட்டாதீர்கள்

சைக்கிளுக்குப் பெயிண்ட் அடிப்பது ஒரு வாரத்துக்குக் குறையாத வேலை. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், அவர் பெயிண்ட் அடித்தது துருவுக்கு. இதை என் மருமகனிடமும் சொன்னேன். "மாமா, ஒரு ஸ்பிரே டப்பா போதும். வீடியோவுல பத்து நிமிஷத்துல முடிக்கிறாங்க" என்று சிரித்தார். அந்த வீடியோக்களை நானும் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில்கூட கிராங்கைக் கழற்றவில்லை. செயினுக்குப் பிளாஸ்டிக் பை, சக்கரத்துக்குப் பழைய பேப்பர், புஸ்ஸென்று ஒரு சுற்று. பளபளவென்றுதான் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தச் சைக்கிளை நாகப்பட்டினத்துக்குக் கொண்டுவந்து ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதம் வாசலில் நிறுத்திவிட்டு, பிறகு இன்னொரு வீடியோ எடுக்கட்டும்.

உப்புக்காற்றைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் கம்பியைப் பாருங்கள், கேட்டைப் பாருங்கள். பெயிண்ட் ஓர் இடத்தில் கொப்புளம் மாதிரி லேசாக உப்பியிருக்கும். நகத்தால் குத்தினால் உள்ளே செம்பொடி. இரும்பு துருவாகும்போது முன்பைவிட அதிக இடம் கேட்கிறது. அதுதான் பெயிண்ட்டை உள்ளிருந்து தூக்குகிறது. உப்பு ஒட்டியிருந்தால் காற்றின் ஈரத்தை அதுவே இழுத்துக்கொடுக்கும். மேலே நாலு கோட் அடித்தாலும் அடியில் நடக்கிற காரியம் நிற்பதில்லை. முன்பு கண்ணுக்குத் தெரிந்து நடந்தது, இப்போது தெரியாமல் நடக்கிறது, அவ்வளவுதான்.

அவரவர் சைக்கிள், அவரவர் பெயிண்ட், உமக்கென்ன கோபம் என்று கேட்கலாம். சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பையனுக்கு அவன் அப்பா ஒரு பழைய சைக்கிள் வாங்கிக்கொடுத்தார். நல்ல நீல நிறம், கண்ணாடி மாதிரி மின்னியது. மூன்றாவது மாதம், பாலத்துச் சரிவில் இறங்கும்போது முன் போர்க் தலைமாட்டில் முறிந்தது. முன்பற்கள் இரண்டு போயின, மணிக்கட்டில் மாவுக்கட்டு. உடைந்த துண்டை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். முறிவின் முகத்தில் முக்கால் பங்கு பழுப்பு, அதாவது பழைய விரிசல், பழைய துரு. மிச்சக் கால் பங்குதான் அன்றைக்கு முறிந்த புது இரும்பாக வெள்ளையாக மின்னியது. விரிசலின் மேல் பட்டி பார்த்து, இழைத்து, நீலம் அடித்திருந்தார்கள். விற்றவரிடம் கேட்டதற்கு, "பள்ளத்துல இறங்கினா எந்தச் சைக்கிளும் உடையும் சார்" என்றார். அந்தக் கால் பங்கு இரும்பில்தான் ஒரு பிள்ளை மூன்று மாதம் பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறது.

அதனால்தான் சொல்கிறேன், பெயிண்ட் அழகுக்கு என்று நினைப்பதுதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம். ஒரு பிரேமை முழுதாகக் கழற்றி, பழைய பெயிண்ட்டை உரித்து, வெறும் இரும்பாக வெளிச்சத்தில் பார்க்கிற வாய்ப்பு அதன் ஆயுளில் இரண்டு மூன்று முறைதான் வரும். அந்த நேரத்தில் தெரியாத விரிசல் பிறகு விழுந்தால்தான் தெரியும்.

அந்தக் காலத்து சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' என்று ஒன்று இருந்தது, உங்களுக்கு நினைவிருக்கும். காலையில் விட்டால் சாயங்காலம் கடை வாசலில் நம் சைக்கிள் எலும்பு எலும்பாகக் கிடக்கும். மண்ணெண்ணெய்த் தட்டில் பால்ரஸ் குண்டுகள் ஊறும். பையன் ஒருவன் பிரேமைத் துடைத்துக்கொண்டிருப்பான், கடைக்காரர் வந்து ஒவ்வொரு மூட்டாகத் தட்டிப் பார்ப்பார். பெயிண்ட் வேண்டுமா என்ற பேச்சு அதற்கப்புறம்தான் வரும். இப்போது ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஒரு கோட், மறுநாள் சந்தனம் குங்குமம், தீர்ந்தது கதை. ஆயுதத்துக்குப் பூஜை செய்கிறவர்கள் முதலில் அதைத் துடைக்க வேண்டாமா?

என்னிடம் இருப்பது அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், 1978இல் வாங்கியது. போன தை மாதம் வீட்டுத் தாழ்வாரத்திலேயே பெயிண்ட் அடித்தேன். தையும் மாசியும்தான் இதற்கு ஏற்ற காலம். மழைக்காலத்தில் எனாமல் காயாமல் பிசுபிசுக்கும், சித்திரை வெயிலில் பிரஷ்ஷை எடுப்பதற்குள் இழுத்துக்கொள்ளும். கழற்ற ஒரு நாள். காட்டர் பின் வர மறுத்தால் சுத்தியலால் வெறி கொண்டு அடிக்காமல், எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும். உரிக்க இரண்டு நாள். கிராங்க் ஆக்ஸில் இருக்கும் பெட்டிக்குப் பின்னால் இரண்டு குழாய்கள் பிரியும் கவட்டை, போர்க்கின் தலை, சீட் குழாயின் அடி, இந்த மூன்று இடத்திலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். தண்ணீர் இறங்கித் தங்குவதும், பாரம் இறங்குவதும் அங்கேதான்.

இதில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாரோடும் சமரசம் பேசத் தயாராக இல்லை. பழைய பெயிண்ட்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது. வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியே 2016இல் வந்து, 2017 நவம்பர் முதல் தேதியிலிருந்துதான் அமலுக்கு வந்தது. நாம் உரிப்பது அதற்கெல்லாம் முந்தைய பெயிண்ட். அதில் ஈயம் இருக்கிறது என்று எண்ணித்தான் கை வைக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் பச்சையும் என்றால் இன்னும் கவனமாக. உலர்த் தூசி தரையில் படியும், அதே தரையில் பேரப்பிள்ளை தவழ்ந்து விரலை வாயில் வைக்கும். குழந்தையின் மூளைக்கு ஈயம் செய்கிற கெடுதல் திரும்பி வராத கெடுதல். ஆகவே வாட்டர் பேப்பர், பக்கெட்டில் தண்ணீர், மூக்குக்கு மாஸ்க், கீழே பாலிதீன் விரிப்பு. தேய்த்த சேற்றை ஈரத்தோடு வழித்து மூட்டை கட்டிவிட வேண்டும். விளக்குமாறு அந்தப் பக்கமே வரக்கூடாது. வீடியோக்காரர்கள் யாரும் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

துரு போனதும் மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு அப்படியே பெயிண்ட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மண்ணெண்ணெய் விட்டுப்போகும் எண்ணெய்ப் பிசுக்கில் எந்தப் பெயிண்ட்டும் பிடிக்காது. தின்னரில் துணியை நனைத்துத் துடைத்து, உடனே, அதாவது அன்றைக்கே, ரெட் ஆக்ஸைடு பிரைமர். இரும்பை வெறுமனே ராத்திரி விட்டால் நம் காற்றில் காலைக்குள் செம்மை தட்டிவிடும். (வேடிக்கை என்னவென்றால் ரெட் ஆக்ஸைடின் சிவப்பும் இரும்பு ஆக்ஸைடுதான், துருவுக்குப் பங்காளி. பங்காளியை விட்டே பங்காளியைத் தடுக்கிறோம்.) பிரைமர் இரண்டு கோட், நடுவில் ஒரு நாள். மெல்லிய வாட்டர் பேப்பரால் ஒரு தேய்ப்பு. பிறகு கறுப்பு எனாமல், ஒரு அங்குல பிரஷ்ஷில் மெல்லிசாக இரண்டு கோட். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் எல்லாப் பக்கமும் கை போகும். மரை உள்ள இடங்களில் பேப்பர் அடைத்துவிடுங்கள். காய்ந்தது போல் தெரிந்தாலும் ஒரு வாரம் பூட்டாமல் விடுங்கள். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாயைத் தொடவில்லை. பிரஷ் கோடு தெரிகிறது என்று மருமகன் சொன்னார். தெரியட்டும்.

பவுடர் கோட்டிங் கொடுத்தால் இன்னும் உறுதி என்று ஒரு நண்பர் போனில் வாதாடினார். உறுதிதான். ஆனால் அதற்கு முன்னால் மணலடித்துச் சுத்தம் செய்யும்போது நாற்பது வருட மெல்லிய குழாய் இன்னும் மெலியும். ஓர் இடத்தில் பெயர்ந்தால் தண்ணீர் அந்தத் தோலுக்கு அடியில் நுழைந்து ஊர்ந்துபோகும். எல்லாவற்றையும்விட, மணலடிப்பதற்கும் அடுப்பில் வைப்பதற்கும் நடுவே நம் பிரேமை ஒருவர் நிறுத்திப் பார்ப்பாரா? அங்கே நாற்பது கேட்டோடு இதுவும் ஒன்று.

புதிது வாங்குங்கள் என்பவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. வசதி இருந்தால் வாங்குங்கள். ஆனால் பழையதைக் காயலான் கடையில் எடைக்குப் போடுமுன் யோசியுங்கள். அங்கிருந்து எத்தனை பிரேம்கள் நீலச் சட்டை போட்டுக்கொண்டு தெருவுக்குத் திரும்பி வருகின்றன! பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தருகிற விலையில்லா சைக்கிள்களும் படிப்பு முடிந்ததும் கொல்லையில் மழையில் கிடந்து, பிறகு இதே வழியில்தான் போகின்றன. விரிசல் விட்ட பிரேமாக இருந்தால் இரும்பறுக்கும் ரம்பத்தால் குறுக்கே ஓர் அறுப்பு அறுத்துவிட்டுப் போடுங்கள். கிடைக்கிற காசு குறையாது.

பழைய சைக்கிள் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற வீடுகள் நம் ஊரில் நிறைய. போகும்போது சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். குழாய் நெடுகிலும், முக்கியமாக மூட்டுகளில் ஒட்டிப் பாருங்கள். பட்டி இருக்கும் இடத்தில் பிடி தளரும். முன் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி, போர்க்கின் தலையை விரலால் தடவுங்கள். மூட்டின் விளிம்புகள் கூராகத் தெரிய வேண்டும், மெழுகு ஊற்றியது போல வழவழவென்றிருந்தால் ஏதோ மறைந்திருக்கிறது. கடைசியாக பிரேம் நம்பர். சீட் குழாயின் தலையிலோ, கிராங்க் பெட்டியின் அடியிலோ அடித்திருப்பார்கள். அதைப் படிக்க முடியாதபடி பெயிண்ட்டும் பட்டியும் அப்பியிருந்தால், விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்காமல் வந்துவிடுங்கள்.